கால் மைல் பரீட்சை

1991-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து ‘கார் அண்டு டிரைவர்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில், மோட்டார் உலகத்தின் ஜாதி வித்தியாசங்களைச் சற்றே கலைத்துவிடத்தக்க ஒரு பந்தயத்தின் விவரம் பிரசுரமாயிற்று. ஒரு பக்கம் நின்றது இத்தாலி தேசத்துப் பெராரி 348; செல்வந்தர்கள் தங்கள் கொட்டகையில் துணி போர்த்திப் பாதுகாக்கும் வகையைச் சேர்ந்தது. மறு பக்கம் நின்றதோ, ஜி.எம்.சி. கம்பெனியார் சைக்லோன் என்று நாமகரணம் செய்து விற்ற ஒரு கறுப்புப் பிக்கப் வண்டி. அதன் 4.3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு டர்போவை இணைத்து, நான்கு சக்கரங்களுக்கும் இயக்கத்தைப் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பெட்டி இருந்தது உண்மைதான். ஆனால் அதில் 500 பவுண்டுக்கு மேல் ஏற்றலாகாது என்று கம்பெனியாரே சொல்லியிருந்தபடியால், சுமை வண்டி என்ற பெயரை அது உபசாரத்துக்காகவே தாங்கிக் கொண்டிருந்தது எனலாம். இவ்விரண்டும் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல் தூரம் ஓடியபோது, பிக்கப் 14.1 வினாடியில் எல்லைக் கோட்டைக் கடந்தது, பெராரிக்கு 14.5 வினாடி பிடித்தது.

பத்திரிகையை மேலோட்டமாகப் படித்தவர்கள் இந்த அளவோடு வியந்து, பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். ஆனால் அதே விவரத்தில் இன்னும் இரண்டு எண்கள் அச்சாகியிருந்தன. கோட்டைக் கடக்கும் தறுவாயில் பிக்கப்பின் வேகம் மணிக்கு 93 மைல். பெராரியின் வேகம் 99 மைல். அதாவது, முந்தி வந்த வண்டி குறைந்த வேகத்தோடும், பிந்தி வந்த வண்டி அதிக வேகத்தோடும் கோட்டைத் தாண்டியிருக்கின்றன. அப்படியானால் இரண்டில் எதன் எஞ்சின் வலியது? நேரத்தைக் கேட்டால் ஒரு விடை, வேகத்தைக் கேட்டால் வேறு விடை. இந்த இரண்டு சாட்சிகளில் எதை எந்த விஷயத்தில் நம்புவது என்று தெரிந்துகொண்டவனுக்கு, யாதொரு ஆய்வுக்கூடமும் இல்லாமல், ஒரு நேரான தார்ச்சாலையையும் ஒரு எடைமேடையையும் கொண்டே தன் வண்டியின் குதிரைத்திறனை ஏறத்தாழக் கணித்துவிட முடியும்.

இந்த விளையாட்டின் பூர்வகதை தெற்குக் கலிபோர்னியாவைச் சேர்ந்தது. மொஹாவே பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் என்னும் வறண்ட ஏரிப் படுகைகளில், 1930-களில் இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்துச் சீர்திருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே நாடப்பட்டது உச்ச வேகம். யுத்தத்துக்குப் பிறகு நகரத்துக்கு அருகிலேயே ஓட இடம் தேடியபோது, நீண்ட படுகைக்குப் பதில் குறுகிய ஓடுபாதையே கிடைத்தது. கிடைத்த இடம் விளையாட்டின் இயல்பையே மாற்றிவிட்டது. 1950-இல் சான்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றில் சி. ஜே. ஹார்ட் என்பவரும் கூட்டாளிகளும் கட்டணம் வசூலித்துப் பந்தயம் நடத்தத் தொடங்கினர். அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஸ்தாபித்தார். தூரம் 1,320 அடி, அதாவது கால் மைல், என்று நிலைபெற்றது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரும், வார நாட்களில் செங்கல் சுமக்கும் பிக்கப்பும்கூட அந்தப் பாதையில் சனிக்கிழமை இரவில் நின்று பார்க்கலாம் என்பதே இவ்விளையாட்டின் ஜனநாயகம்.

ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநர் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார்கள். 60 அடியை எத்தனை வினாடியில் கடந்தான், 330 அடியை எப்போது, அரைக்கால் மைலை எப்போது, கடைசியில் கால் மைலை எப்போது என்றெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பச்சை விளக்கு எரிந்த பிறகு அவன் எவ்வளவு தாமதித்தான் என்பது தனிக் கணக்கு. பந்தயத்தின் வெற்றி தோல்விக்கு அது முக்கியமே தவிர, வண்டியின் நேரத்தில் அது சேர்வதில்லை. ஒளிக்கதிர் ஒன்றை முன் சக்கரம் விட்டு விலகும் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆகவே ஏறத்தாழ ஓர் அடி தூரம் வண்டி இலவசமாக நகர்ந்துவிடுகிறது. பிக்கப்பின் பெரிய டயர்களுக்கு இந்தச் சலுகை இன்னும் சற்று அதிகம். கடைசியில் எழுதப்படும் வேகமும், கோட்டின் மேல் அந்தக் கணத்தில் இருந்த வேகமன்று. கோட்டுக்கு முந்திய 66 அடியின் சராசரியே அது. இவை சிறு பிழைகள். ஆனாலும் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

இனிக் கணிதத்துக்கு வருவோம். குதிரைத்திறன் என்ற அளவை ஜேம்ஸ் வாட் தம்முடைய நீராவி யந்திரங்களை விற்பதற்காக வகுத்தார் என்பதும், நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை என்று அதை நிர்ணயித்தார் என்பதும் பலரும் அறிந்தவை. திறன் என்பது வேலையின் அளவன்று, வேலை நடைபெறும் விகிதம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு வண்டி புறப்பட்ட கணத்திலிருந்து கடைசி வரை எஞ்சின் மாறாத திறனைச் சக்கரங்களுக்கு அளித்துக்கொண்டே இருக்கிறது என்றும், காற்றும் உராய்வும் இல்லை என்றும் ஒரு கற்பனை செய்வோம். அந்நிலையில் வண்டியின் இயக்க ஆற்றல் காலத்துக்கு நேர் விகிதத்தில் பெருகும். அந்த ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே வேகம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றியே வளர முடியும்; நான்கு வினாடியில் எய்திய வேகத்தை இரு மடங்காக்குவதற்குப் பதினாறாவது வினாடி வரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் பாய்ந்தும், போகப் போக அயர்ந்தும் வளரும் இத்தகைய வேகத்தின் சராசரி, முடிவில் எய்தும் வேகத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு என்று கணிதம் சொல்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் விளைவு மிகவும் ரசமானது. கால் மைலை எத்தனை வினாடியில் கடந்தோமோ, அந்த எண்ணால் 900-ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்ற சராசரி வேகம் வந்துவிடும். முடிவு வேகம் அதில் ஒன்றரை மடங்கு. ஆகவே, வண்டி பெரிதோ சிறிதோ, எஞ்சின் வலியதோ மெலியதோ, நேரத்தையும் முடிவு வேகத்தையும் பெருக்கினால் 1,350 என்ற ஒரே எண்தான் வர வேண்டும். 15 வினாடியில் ஓடும் வண்டி 90 மைல் வேகத்தில் கோட்டைக் கடக்கும். 13½ வினாடியில் ஓடுவது 100 மைலில் கடக்கும். பந்தயப் பாதையின் ஓரத்தில் நின்று நூறு சீட்டுகளை வாங்கிப் பார்த்தாலும் பெரும்பாலானவை இந்த எண்ணைச் சுற்றியே மொய்த்துக்கொண்டிருக்கும். இத்தனை கரடுமுரடான கற்பனையிலிருந்து பிறந்த எண் நிஜ உலகத்தில் இவ்வளவு கௌரவமாக நடந்துகொள்வது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

அதைவிட ரசம், அந்த எண்ணிலிருந்து விலகுபவற்றில் இருக்கிறது. திறன் மாறாமல் இருப்பதற்குப் பதிலாக, தள்ளும் விசை மாறாமல் இருந்திருந்தால், முடிவு வேகம் சராசரியைப் போல் இரு மடங்காகிப் பெருக்குத்தொகை 1,800 வந்திருக்கும். வண்டி கோட்டை விட்டுப் புறப்பட்டதுமே ஒரு வேகத்தை எட்டிக் காற்றின் எதிர்ப்பால் அதற்கு மேல் ஏறாமல் நின்றிருந்தால் 900-தான் வந்திருக்கும். ஆகவே, டயர் வழுக்கித் தொடக்கத்தில் எஞ்சினின் முழுத்திறனையும் பயன்படுத்த முடியாத வண்டி 1,350-க்கு மேலே போகும். தொடக்கத்தில் நன்றாகப் பாய்ந்து, கடைசியில் காற்றோடு மல்லுக்கட்டும் வண்டி கீழே வரும். இப்போது 1991-ஆம் ஆண்டுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சைக்லோனுக்கு 14.1-ஐ 93-ஆல் பெருக்க வருவது 1,311. பெராரிக்கு 14.5-ஐ 99-ஆல் பெருக்க வருவது 1,435. பிக்கப் நான்கு சக்கரங்களாலும் தரையைப் பற்றிக்கொண்டு கிளம்பி, சதுரமான தன் உடம்பால் காற்றை இடித்துக்கொண்டு முடித்தது. பெராரியோ பின் சக்கரங்கள் இரண்டை மட்டும் நம்பித் தயங்கிக் கிளம்பி, பிறகு ஈடுகட்டிக்கொண்டே வந்தது. கால் மைல் அதற்குப் போதவில்லை.

திறனுக்கு வருவோம். அதே கற்பனையில் இன்னும் ஒரு படி சென்றால், வேகத்தின் கனமானது, அதாவது வேகத்தை மூன்று முறை வைத்துப் பெருக்கிய தொகையானது, ஒவ்வொரு பவுண்டு எடைக்கும் எத்தனை குதிரைத்திறன் என்ற விகிதத்துக்கு நேர் விகிதத்தில் அமையும் என்பது புலப்படும். திறனை எடையால் வகுத்து, அதன் கனமூலத்தை 281-ஆல் பெருக்கினால் கால் மைல் முடிவில் மணிக்கு எத்தனை மைல் என்பது வர வேண்டும். ஆனால் வராது. அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகைகளில் எழுதிவந்த ரோஜர் ஹன்டிங்டன், பல வண்டிகளின் ஓட்டங்களை ஒப்பிட்டு, அந்தப் பெருக்கும் எண் 225 என்று அனுபவத்தால் கண்டறிந்தார். சான்டா கிளாரா பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் ஜெஃப்ரி ஃபாக்ஸ் 1973-இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ என்ற சஞ்சிகையில், பந்தயக்காரர்களின் இந்தச் சூத்திரத்துக்குப் பௌதிக நியாயம் என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்தார் 225-ஐ 234 ஆக உயர்த்தி வழங்குகின்றனர்.

281 எங்கே, 225 எங்கே என்று கேட்கலாம். 225-ஐ 281-ஆல் வகுத்துக் கனம் எடுத்தால் பாதிக்குச் சற்று மேல் வருகிறது. 234-க்கோ நூற்றில் 58 பங்கு. விளம்பரத்தில் சொன்ன திறனில் ஏறக்குறையப் பாதியே வண்டியின் வேகமாக உருவெடுக்கிறது என்று இதற்கு அர்த்தம். மிச்சம் போகும் வழிகள் பல. கியர்ப் பெட்டியும் பின் அச்சும் நூற்றுக்குப் பதினைந்து அளவில் வரி வாங்கிக்கொள்கின்றன என்பது பட்டறைக்காரர்களின் பழைய கணக்கு. டயர், சக்கரம், ஃபிளைவீல் ஆகியவற்றைச் சுழற்றுவதிலேயே ஒரு பங்கு போகிறது. எஞ்சின் தன் உச்சத் திறனைத் தருவது குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்தில் மட்டுமே. ஒவ்வொரு கியரிலும் அந்த உச்சத்துக்குக் கீழேயும் மேலேயும்தான் அது பெரும்பாலும் உழைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று: அதைக் கிழித்துச் செல்லச் செலவாகும் திறனும் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. மணிக்கு 93 மைல் வேகத்தில் செல்லும் ஒரு முழு அளவுப் பிக்கப், 60 முதல் 80 குதிரைத்திறனைக் காற்றுக்கே தாரை வார்த்துக்கொண்டிருக்கும். பின் பெட்டியின் கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று சுலபமாகப் போகும் என்று பலர் நம்புகின்றனர். கதவை மூடியிருக்கும்போது பெட்டிக்குள் சுழன்றபடி தேங்கும் காற்றே மேலே வருவதை வழுக்கிச் செல்ல விடுகிறது என்று காற்றுக்குகைப் பரிசோதனைகள் காட்டியிருப்பதை அவர்கள் கேட்பதில்லை.

சைக்லோனை ஓட்டுநரோடு 3,700 பவுண்டு என்று கொண்டு 93 மைலைச் சூத்திரத்தில் இட்டால், 225-இன்படி 261 குதிரைத்திறன் வருகிறது, 234-இன்படி 232. கம்பெனியார் அறிவித்ததோ 280. நாலு சக்கரங்களையும் சுழற்றும் கூடுதல் பல்சக்கரங்களும், தானியங்கிக் கியர்ப் பெட்டியும், பிக்கப்பின் உருவமும், சூத்திரம் அனுமதித்ததைக் காட்டிலும் அதிகமாகத் தின்றுவிட்டன என்று கொள்வதே நியாயம். ஆகவே இந்தச் சூத்திரம் தரும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாகாது. ஒரே வண்டியை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டி ஒப்பிடுவதில்தான் அதன் உண்மையான உபயோகம் இருக்கிறது. அங்கே 225-ஆ 234-ஆ என்ற விவகாரமே அடிபட்டுப் போகிறது. 5,000 பவுண்டு எடையுள்ள ஒரு பிக்கப், முன்பு 88 மைலிலும், சிறு மாற்றங்கள் செய்த பிறகு 92 மைலிலும் கோட்டைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 92-ஐ 88-ஆல் வகுத்துக் கனம் எடுத்தால் 1.14. திறன் நூற்றுக்குப் பதினான்கு கூடியிருக்கிறது. எந்தப் பெருக்கும் எண்ணை வைத்துக்கொண்டாலும் இதுவே விடை.

சிறு மாற்றங்கள் என்று சொன்னேன். எஞ்சினைப் பிரிக்காமல் ஒரு மாலைப் பொழுதில் செய்யக்கூடியவை இரண்டு ஜாதி. குளிர்ந்த காற்றை உறிஞ்சும் குழாய், தாராளமான புகைக்குழாய், எரிபொருளையும் தீப்பொறியின் நேரத்தையும் திருத்தி அமைக்கும் கணினிச் சில்லு ஆகியவை எஞ்சினின் திறனைக் கூட்டுபவை. ஃபோர்டு கம்பெனியின் எஃப்-150 லைட்னிங் போன்ற, காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் பொருந்திய வண்டிகளில், அதைச் சுழற்றும் புல்லியைச் சிறிதாக்கிவிட்டாலே அழுத்தம் ஏறிவிடும். பின் அச்சின் கியர் விகிதத்தை மாற்றுவதும், பிடிப்புள்ள மென்மையான டயர் போடுவதும் மற்றொரு ஜாதி; இவை திறனைக் கூட்டுவதில்லை, உள்ள திறனைத் தொடக்கத்திலேயே தரைக்குக் கொண்டுவருகின்றன. முதல் ஜாதி முடிவு வேகத்தில் தெரியும். இரண்டாவது, முதல் 60 அடியின் நேரத்தில் தெரியும், முடிவு வேகத்தையோ அநேகமாகத் தொடாது. புது டயர் போட்டு அரை வினாடி குறைந்ததைக் கண்டு ஐம்பது குதிரைகள் கூடிவிட்டதாக மார்தட்டுபவனும், ஆயிரம் டாலர் செலவழித்து எஞ்சினைத் திருத்தியும் டயர் வழுக்கியதால் நேரம் குறையவில்லையே என்று வாடுபவனும், தவறான கட்டத்தைப் படிக்கிறார்கள்.

பிக்கப்புக்கு இந்தப் பேதம் மற்ற வண்டிகளைவிட அதிக முக்கியம். எஞ்சினும் ஓட்டுநரும் முன்னால். இயக்கும் சக்கரங்கள் பின்னால், காலிப் பெட்டியின் கீழே. சுமை ஏற்றுவதற்கென்று வகுக்கப்பட்ட உடம்பு, சுமையில்லாதபோது பின்னங்கால் லேசாகிவிடுகிறது. பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்த பின் அச்சு, திடீரென்று முறுக்கு ஏறும்போது தானே திருகிக்கொண்டு, பிறகு விட்டுத் துள்ளும். அதைத் தடுக்கச் சட்டத்திலிருந்து அச்சுக்கு ஓர் இரும்புத் தண்டைப் பிணைப்பார்கள். பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்குபவர்களும் உண்டு. இதில் உள்ள கொடுக்கல் வாங்கலைச் சூத்திரமே சொல்லும்: நேரம் எடையின் கனமூலத்தைப் பொறுத்தது ஆகையால், 4,000 பவுண்டு வண்டியில் 100 பவுண்டு மணல், பதினான்கு வினாடியில் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கைக் கூட்டும். டயரின் பிடிப்பால் அதற்கு மேல் லாபம் வந்தால்தான் மூட்டைக்குப் பிரயோஜனம்.

கனமூலம் என்பது தருமம் செய்யாத கை. 1999-இல் லைட்னிங் 360 குதிரைத்திறனோடு வந்தது. 2001-இல் அதை 380 ஆக்கினார்கள். ஓட்டுநரோடு 4,900 பவுண்டுக்குச் சற்றுக் குறைவான அந்த வண்டிக்கு, இருபது குதிரைகளால் கிடைக்கும் லாபம் மணிக்கு இரண்டு மைலுக்கும் குறைவே என்று சூத்திரம் காட்டுகிறது. இதையே திருப்பிச் சொன்னால், வேகத்தில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலும் திறனில் நூற்றுக்கு மூன்று பிழைக்கும். எதிர்க்காற்று சற்று வீசினாலும், எடையை மேடையில் நிறுக்காமல் விளம்பரப் புத்தகத்திலிருந்து எடுத்தாலும், பட்டறையில் ஏற்றிய பத்துக் குதிரைகள் கணக்கில் மறைந்துபோகும். கடைசி 66 அடியின் சராசரியால் மட்டுமே அநேகமாக முக்கால் மைல் வேகம் குறைத்து எழுதப்படுகிறது. ஆனால் அது எல்லா ஓட்டத்துக்கும் பொதுவாதலால், ஒப்பிடும்போது தொந்தரவில்லை.

உஷ்ணமும் உயரமும் வேறு வகை. காற்று அடர்ந்திருந்தால் எஞ்சினுக்குள் பிராணவாயு அதிகம் புகும். டென்வர் நகரத்தின் அருகே ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் 2023 வரை நடந்துவந்த பேண்டிமியர் பாதையில், கடல்மட்டத்தைக் காட்டிலும் காற்று ஆறில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். சாதாரண எஞ்சின் அங்கே மூச்சுத் திணறும். டர்போ பொருந்திய எஞ்சின் அவ்வளவு திணறுவதில்லை. ஆதலால் எல்லா வண்டிகளுக்கும் ஒரே திருத்த எண்ணை இட்டு, கடல்மட்டத்துக்கு இவ்வளவு என்று சொல்லும்போது, டர்போக்காரனுக்கு அவன் சம்பாதிக்காத குதிரைகள் சில வந்து சேர்ந்துவிடுகின்றன.

விளம்பரத்தில் அச்சாகும் குதிரைத்திறனே ஒரே அர்த்தத்தோடு நிலைத்திருந்ததில்லை. 1971 வரையில் அமெரிக்கக் கம்பெனியார், விசிறியும் சைலன்சரும் கழற்றப்பட்ட எஞ்சினை மேடையில் ஓட்டி வந்த மொத்தத் திறனையே பறைசாற்றினர். 1972 முதல், வண்டியில் பொருந்தியிருக்கும் கோலத்திலேயே அளந்த நிகரத் திறன் வழக்கத்துக்கு வந்தது. பழைய வண்டிகளைச் சூத்திரத்தில் இடும்போது இதை மறந்தவர்கள், நல்ல எஞ்சினைக் கெட்டதென்று பழிப்பார்கள். நிகரத் திறன் வழக்கத்துக்கு வந்த பின் பிறந்த ஒரு பிக்கப், இந்தக் கணக்குக்கு அழகாக ஒத்துவருகிறது. டாட்ஜ் கம்பெனியின் 1978-ஆம் ஆண்டு லில் ரெட் எக்ஸ்பிரஸ், சிவப்பு வர்ணமும், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இரு பக்கமும் நிமிர்ந்து நின்ற புகைபோக்கிகளும், மரப் பலகைகளுமாக, ஏதோ திருவிழாத் தேர்போல் காட்சியளித்தது. அதன் எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன திறன் 225. ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் பரிசோதனையில் அது 14.7 வினாடியில், மணிக்கு 88 மைல் வேகத்தில் கால் மைலை முடித்தது. ஓட்டுநரோடு 4,000 பவுண்டு என்று கொண்டால், 234-இன்படி 213 குதிரைத்திறன், 225-இன்படி 239. கம்பெனி சொன்னது இரண்டுக்கும் நடுவே அமைகிறது. அவ்வாண்டில் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 மைலை எட்டுவதில் அமெரிக்காவில் செய்யப்பட்ட வண்டிகள் அனைத்தையும் இது முந்திற்று என்று ‘கார் அண்டு டிரைவர்’ கண்டது. கார்களின் புகையைச் சுத்திகரிக்கக் கட்டாயமாக்கப்பட்டிருந்த வினையூக்கிப் பெட்டி, மொத்தச் சுமையோடு 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அப்போது விலக்கப்பட்டிருந்தது. சுமை வண்டி என்று பெயர் பெற்றதால் இதன் புகைக்குழாய் அடைபடாமல் தப்பியது. 1979-ஆம் ஆண்டு மாதிரியில் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.